‘உங்கள் மீது குற்றப்பதிவு உண்டா?’

சிங்கப்பூர் தேக்கா நிலையத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது சிரமம். என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்த ஒரு தம்பி எனக்கு முன்பே வந்து, எதிர் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். மேசை மேல் தேநீர்கூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் கிடந்தது. அதற்குள் அவருடைய நிறுவனம் கொடுத்த நான்கு பக்கப் படிவம். அதோடு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவரே எழுதிய இரண்டு பக்கக் கடிதம்.

ஏர்கான் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. நான்கு வருஷமாக ஒரே இடம். இப்போது ஆறு பேருக்கு மேற்பார்வையாளராக்கப் போகிறார்கள். அதற்காக நிரப்பித் தரச் சொன்ன படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. உங்கள் மீது குற்றப்பதிவு உண்டா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முதல் வரியிலேயே தன்னைக் குற்றவாளி என்று எழுதியிருந்தார். 2018 தீபாவளிக்கு முந்தின வாரம், கேம்பல் லேன் தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் ஒருவர் இவருடைய அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறார். இவர் கூப்பிட்டுக் கேட்க, வார்த்தை தடித்து, கடைசியில் இவர் ஒரு குத்து விட்டிருக்கிறார். அந்த ஆளுக்கு உதடு கிழிந்துவிட்டது. போலீஸ், விசாரணை, நீதிமன்றம். 2019 மார்ச்சில் 1,500 வெள்ளி அபராதம். அப்போது இவருக்கு வயது 23.

“அக்கா, நாளைக்கு இத மேனேஜர் கையில குடுத்துடலாம்னு இருக்கேன். வேல போனாலும் பரவால்ல, மறச்சோம்னு இருக்கக் கூடாது” என்றார்.

நான் மூன்றே கேள்விகள் கேட்டேன். தீர்ப்பு எந்தத் தேதி? அபராதம் மட்டுந்தானா, சிறை உண்டா? அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கேஸ் உண்டா? அவர் பதில் சொன்னதும், “தம்பி, இந்தக் கடிதம் வேண்டாம். நீங்க ‘இல்லை’ன்னு போடலாம். சட்டப்படி அது பொய் இல்லை” என்றேன்.

அவர் நம்பவில்லை. “கோர்ட்ல கையக் கட்டி நின்னேனே அக்கா. ஃபைன் கட்டின ரசீதுகூட இருக்கே. எப்படி இல்லாமப் போகும்?”

இந்தக் கேள்வியை நான் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். 22 வருஷமாக ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அந்த மாதிரிப் படிவங்களைத் தட்டச்சு செய்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல் பல வருஷம் அச்சடித்துக் கொடுத்தவளும் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் குற்றவாளிகள் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1949-லிருந்து இருக்கும் பழைய சட்டம். அதில் 2005-ல் ஒரு திருத்தம் வந்தது. சின்னக் குற்றம் ஒன்றுக்காகத் தண்டிக்கப்பட்டவர், அதற்குப் பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தால், அந்தப் பதிவு தானாகவே காலாவதியாகிவிடும். விண்ணப்பம் போட வேண்டாம், யார் காலையும் பிடிக்க வேண்டாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. சிறைத் தண்டனை என்றால் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அபராதம் என்றால் 2,000 வெள்ளிக்கு மேல் இருக்கக் கூடாது. பதிவேட்டில் வேறு குற்றம் இருக்கக் கூடாது, முன்பே காலாவதியான பதிவும் இருக்கக் கூடாது. சட்டத்தின் பட்டியலில் உள்ள கடுமையான குற்றங்கள் எதுவும் இந்தச் சலுகைக்குள் வராது. ஐந்து ஆண்டுக் கணக்கு, சிறைக்குப் போனவருக்கு விடுதலையான நாளிலிருந்து. அபராதம் மட்டும் கட்டியவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்து.

காலாவதியான பிறகு, அந்தத் தண்டனைக்கான பதிவு இல்லாதவராகவே சட்டம் அவரைக் கருதுகிறது. குற்றப்பதிவு உண்டா என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. தம்பியின் ஐந்து ஆண்டு 2024 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தப் பதிவு அவர் மேல் இல்லை. அது தெரியாமல் தன்னைக் குற்றவாளி என்று தானே எழுதி முதலாளியிடம் நீட்டப் போயிருக்கிறார்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. காலாவதியானது என்றால் அழிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. காவல்துறையிடம் அது இருக்கும். நாளைக்கு இன்னொரு வழக்கில் நின்றால் பழையதும் கூடவே வந்து நிற்கும். சில பதவிகளுக்கும் சில நடவடிக்கைகளுக்கும் சட்டம் விதிவிலக்கு வைத்திருக்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா விசாவுக்கு எழுதிப் போடும்போது அவர்கள் அவர்களுடைய சட்டப்படி கேட்பார்கள். நம் ஊர்ச் சலுகை அங்கே செல்லாது. படிவத்தில் கேள்வி எந்த வார்த்தைகளில் இருக்கிறது என்பதையும் ஊன்றிப் படிக்க வேண்டும். ‘குற்றப்பதிவு உண்டா’ என்பதும், ‘எப்போதாவது விசாரிக்கப்பட்டதுண்டா, குற்றஞ்சாட்டப்பட்டதுண்டா’ என்பதும் ஒரே கேள்வி இல்லை. சந்தேகம் இருந்தால் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும் இடத்துக்குப் படிவத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். தன் பதிவு காலாவதியானதா என்று காவல்துறையிடமே கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பேனாவை எடுக்காதீர்கள்.

எது குற்றப்பதிவு, எது இல்லை என்பதிலேயே நம் ஆட்களுக்குப் பெரிய குழப்பம். காவல்துறை கூப்பிட்டுக் கடுமையாக எச்சரித்து அனுப்பினால் அது தண்டனை இல்லை. அப்படிப்பட்ட எச்சரிக்கை ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிப்பதாகாது என்று உயர் நீதிமன்றம் 2015-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குப்பை போட்டதற்கு வரும் சமரசத் தொகையைக் கட்டி முடித்தால் அதுவும் தண்டனை இல்லை. வழக்கு நடந்து விடுதலையானவர் விடுதலையானவர்தான். சிறைக்குப் பதிலாகச் சமூகச் சேவை செய்யச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்டு, அதை ஒழுங்காக முடித்துவிட்டால், அந்தப் பதிவு ஐந்து ஆண்டு காத்திருக்காமலே காலாவதியாகிவிடும். இது எதுவுமே தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டி, அதைத் தூக்கிச் சுமக்கிறோம்.

லிட்டில் இந்தியாவில் இந்தச் சுமையை ஒரே இரவில் பல நூறு பேர் தலையில் ஏற்றிய நாள் ஒன்று உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொந்தளித்தது. வண்டிகள் எரிந்தன. பிறகு நடந்த நடவடிக்கையில் 25 பேர் மீது வழக்கு, 57 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மேலும் 200 பேர் அளவில் காவல்துறையின் அறிவுரைக் கடிதம் பெற்றார்கள். இவர்கள் தொடர்ந்து இங்கே வேலை செய்யலாம், சட்டத்தை மதித்து நடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

அடுத்த வருஷம் எங்கள் ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆள் என்னிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். அந்தக் கடிதத்தைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். மடிப்பு வழியாகக் கிழியத் தொடங்கியிருந்தது. “அம்மா, நான் ஜெயிலுக்குப் போனவன்னு முதலாளிகிட்ட சொல்லணுமா?” என்று கேட்டார். அவர் சிறைக்குப் போகவில்லை. நீதிமன்றத்துக்கே போகவில்லை. கலவரம் முடிந்த பிறகு விசாரிக்கப்பட்டு, அறிவுரை சொல்லப்பட்டவர். அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டிய முதல் ஆள் நான்தான் என்று தெரிந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

வேலை அனுமதியில் இருப்பவர்கள் விஷயம் தனி. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. உண்மையிலேயே தண்டனை பெற்றிருந்தால் மனிதவள அமைச்சு அனுமதியை ரத்து செய்யலாம். அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும். ஆகவே அந்த விண்ணப்பத்தில் ஏஜெண்ட் சொன்னபடி கண்ணை மூடிக் கையெழுத்துப் போடக் கூடாது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

இனி நான் சொல்ல வேண்டியது எனக்கே வலிக்கிற விஷயம்.

2011-ல் எங்கள் நிறுவனத்தில் ஒரு துப்புரவு மேற்பார்வையாளர் இருந்தார். நடு வயது, இரண்டு பிள்ளைகள். காலை ஐந்தரைக்கு வந்துவிடுவார். அவர் பொறுப்பில் இருந்த கட்டடத்திலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை. ஒருநாள் அவரோடு சண்டை போட்ட இன்னொரு பெண் நேராக மேலாளர் அறைக்குப் போய், “அவங்க கடையில திருடி மாட்டினவங்க சார்” என்று சொல்லிவிட்டார். விசாரித்தோம். உண்மைதான். 2008-ல் ஒரு கடையில் பவுடரும் லிப்ஸ்டிக்கும் எடுத்துப் பிடிபட்டு, 800 வெள்ளி அபராதம். எங்களிடம் 2010-ல் சேர்ந்தபோது படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டிருந்தார். அப்போது ஐந்து ஆண்டு முடியவில்லை. அதனால் அது பொய்யான பதில்.

பவுடருக்காக அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. படிவத்தில் பொய் சொன்னதற்காக அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். கோப்பிலிருந்து அவருடைய பழைய படிவத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ‘ஆம்’ கட்டத்தின் மேல் கரெக்‌ஷன் டேப் ஒட்டியிருந்தது. அடியில் ஒரு டிக் தெரிந்தது. முதலில் உண்மையைத்தான் போட்டிருக்கிறார். அப்புறம் பயந்து அழித்திருக்கிறார். மேலாளரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “முதல்லயே சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பேனே” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் படிவத்தின் மேலேயே அச்சடித்திருந்தால் அந்த அம்மா ஏன் அழிக்கப் போகிறார்? யாரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் உண்மை பேசு என்று கேட்பது நியாயமே இல்லை. இதை நான் அன்றைக்கே மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏற்கெனவே ஓர் இடத்தில் வேலை பார்க்கிறவர், தன் பழைய சின்ன வழக்கை இப்போதைய முதலாளியிடம் சொல்ல வேண்டுமா? நான் பார்த்தவரை இதுதான் என் பதில். உங்களை யாரும் கேட்கவில்லை, ஒப்பந்தத்தில் சொல்லியாக வேண்டும் என்று எழுதவில்லை, உங்கள் வேலைக்குத் தனி உரிமமும் தேவையில்லை என்றால், வாயைத் திறக்காமல் இருப்பது பொய் ஆகாது. சாதாரணமாக, வேலைக்காரர் தன் கடந்த காலத்தைத் தானாக முன்வந்து ஒப்பிக்க வேண்டும் என்ற கடமை கிடையாது. ஆனால் கேட்டார்கள், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், எழுத்தில் பொய் சொல்லாதீர்கள். பிறகு வெளிவந்தால், பழைய குற்றம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், புதிய பொய் பெரிதாகிவிடும். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே முதலில் வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஊழியர் கையேட்டையும் தேடி எடுங்கள். வழக்கு வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று பல இடங்களில் ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. பாதுகாவல் அதிகாரியாக இருந்தால் கதையே வேறு. அந்த வேலைக்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும், அதைக் கொடுப்பவர்களே பதிவேட்டை வைத்திருப்பவர்கள். நம் சமூகத்தில் எத்தனை மாமாக்களும் அண்ணன்களும் அந்தச் சீருடையில் இருக்கிறார்கள்! அவர்கள் அங்கே எதையும் மறைக்க நினைக்கக் கூடாது.

தனியார் முதலாளி காவல்துறைப் பதிவேட்டைத் தானாகத் திறந்து பார்க்க முடியாது. பிறகு எப்படித்தான் தெரிய வருகிறது? நான் பார்த்த வரைக்கும், மனிதர்கள் வாய் வழியாகத்தான். சண்டை போட்ட சக ஊழியர், முறிந்த கல்யாணம், பழைய கூட்டாளி. இப்போது கூகுளும் சேர்ந்துகொண்டது. நீதிமன்றச் செய்தியில் ஒருமுறை பெயர் வந்துவிட்டால், சட்டம் அந்தப் பதிவைக் காலாவதியாக்கிய பிறகும் அந்தச் செய்தி அங்கேயே கிடக்கிறது. இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. சட்டம் மன்னித்ததைத் தேடுபொறி மன்னிப்பதில்லை.

சொன்னால் என்ன பாதுகாப்பு என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், சமயம், பால், மணநிலை, கர்ப்பம், உடற்குறை, மனநலம் என்று பல காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க எழுதப்பட்டது. குற்றப்பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து, காரணம் சொல்லாமல் ஒருவரை நிறுத்தினால் அது தவறான நீக்கம் அல்ல என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். நடத்தை சரியில்லை என்று நீக்கினால் மட்டும், முதலாளி முறையான விசாரணை நடத்தியிருக்க வேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டேன் என்று நினைப்பவர், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முத்தரப்புக் கூட்டணியிடம் சமரசத்துக்குப் போக வேண்டும். அங்கே முடியாவிட்டால், 2019 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட புகார்களை வேலைவாய்ப்பு உரிமைகோரல் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. ஒரு மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அழுது முடித்து, ஆறுதல் தேடி, ஊருக்குப் போய்விட்டு வந்து கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் நாள் போயிருந்தது.

அரசாங்கம் முதலாளிகளுக்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. பொதுத்துறை வேலைக்கான விண்ணப்பப் படிவத்திலிருந்து 2017-ல் இந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். தேர்வுப் பட்டியலுக்கு வந்தவரிடம்தான் கேட்பது என்று மாற்றினார்கள். முதலில் ஆளைப் பார், பிறகு அவர் காகிதத்தைப் பார். 2004-ல் மஞ்சள் நாடா இயக்கம் தொடங்கியபோது, இந்த ஊர் முன்னாள் கைதிகளுக்கு இரண்டாவது வாய்ப்புத் தர வேண்டும் என்று சொன்னது. அதன் பேச்செல்லாம் சிறையிலிருந்து வந்தவர்களைப் பற்றியது. சிறைக்கே போகாமல் 800 வெள்ளியும் 1,500 வெள்ளியும் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்களுக்கு வேலை தேடித் தர வேண்டாம். இருக்கிற வேலையில் பயமில்லாமல் இருக்க விட்டால் போதும்.

பழைய வழக்கை மறைத்தவருக்கு வேலையை மறுக்கலாமா என்ற கேள்வி இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், சமரசத்தில் முடிந்த பழைய அடிதடி வழக்கை மறைத்துவிட்டார் என்று வேலை மறுக்கப்பட்ட வழக்கு. 2011-ல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அந்த இளைஞர் பக்கம் நின்றார். தீர்ப்பில் ஒரு ரொட்டித் துண்டைத் திருடி வாழ்நாள் முழுக்கத் திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட ழான் வால்ழானை நினைவுகூர்ந்தார். விக்தர் ஹ்யூகோவின் அந்த நாவலைத்தான் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950-ல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் விடாமல் துரத்தும் போலீஸ்காரராக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற பெயரே ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு நெறியை வகுத்தது. வேலைக்கு வருபவர் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால், முதலாளி விருப்பம் போல் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். பணியின் தன்மை, குற்றத்தின் தன்மை இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. எங்கள் மேலாளர் அன்று மனசுக்குள் நினைத்ததைத்தான் அந்த நீதிபதிகள் எழுத்தில் வைத்தார்கள்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், எப்படிச் சொல்வது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. குழுத் தலைவரிடம் டீக்கடையில் சொல்லாதீர்கள். மனிதவளப் பிரிவில் பொறுப்பானவர் ஒருவரிடம், கதவு சாத்திய அறையில் சொல்லுங்கள். எழுதித் தாருங்கள், ஒரு பக்கம் போதும். எந்த ஆண்டு, என்ன பிரிவு, என்ன தண்டனை, அபராதம் கட்டிய தேதி, அதற்குப் பின் எதுவும் இல்லை. தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் வார்த்தைகள் வேண்டாம். தீர்ப்பு எழுதுவது நீதிபதியின் வேலை, அவர் அதை எழுதி முடித்துவிட்டார். இது இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் வழக்கு வந்திருக்கிறது, ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் அரசு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால், அதற்காக மருத்துவ விடுப்பு (எம்.சி.) எடுக்காதீர்கள். உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் பொய் சொல்லி வாங்கிய எம்.சி.யால் வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கு வழக்கே பிறகு கடுமையான எச்சரிக்கையோடு முடிந்துவிட்டது. ஆண்டு விடுப்பு எடுங்கள். காரணம் கேட்டால் நீதிமன்றத்தில் சொந்த வேலை என்று சொல்லுங்கள்.

தம்பி அன்றைக்கே ‘இல்லை’யில் டிக் போடவில்லை. போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என் வார்த்தையை நம்பி எதற்குப் போட வேண்டும்? தீர்ப்புக் காகிதத்தையும் அபராத ரசீதையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்குரைஞரைப் பார்த்தார். அவரும் அதையேதான் சொன்னார். வியாழக்கிழமை இரவு தம்பி எனக்குச் செய்தி அனுப்பினார். படிவத்தைக் கொடுத்துவிட்டார். வாங்கிய பெண் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் வைத்தாராம். இரண்டு பக்கக் கடிதத்தை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சொல்லி ஒரு பெண் வந்தார். பஃபலோ சாலைப் பக்கம் ஒரு கடையில் கல்லாவில் இருக்கிறார். ஏழு வருஷ வேலை. நடுவில் ஒருநாள், வேறோர் இடத்தில், ஒரு கைப்பை. 1,000 வெள்ளி அபராதம். கடைக்காரருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

“சொல்லிரட்டுமாக்கா?” என்றார்.

கேட்கவில்லை என்றால் சொல்ல வேண்டாம் என்றேன். கேட்டால், எழுதித் தரச் சொன்னால், பொய் எழுதாதீர்கள் என்றேன். “கேட்டு, நான் சொல்லி, அவங்க போகச் சொல்லிட்டா?” என்றார். பணம் எண்ணுகிற வேலை. திருட்டு வழக்கு. போகச் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தீர்ப்புத் தேதியைக் கேட்டு, என் கைபேசி நாட்காட்டியில் இருவரும் சேர்ந்து எண்ணினோம். இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அந்தத் தேதியை அவர் தன் கைபேசியில் குறித்துக்கொண்டார். பெயர் எதுவும் எழுதாமல், வெறும் ஒரு புள்ளி மட்டும் வைத்தார்.